ராணியின் வலது கண்

எழுதத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கும்போது நான் எழுத வந்ததற்கு முதலில் மன்னிக்க வேண்டும். கொள்ளேகாலத்தில் கன்னடப் பள்ளியில் பத்தாவது வரை படித்தேன். தமிழ் எழுத்து வீட்டில் பழகியதுதான். மைசூரில் ஒரு துணிக்கடைக்குப் புடவை ஃபால்ஸ் தைத்துக் கொடுக்கிறேன். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்கு வாய் வராது. எழுதும்போது யாரும் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

எங்கள் தெருக்கோடியில் உள்ள சமுதாயக் கூடத்தில் ஒரு கோடையில் காகிதக் கூழ் பொம்மை செய்யச் சொல்லிக்கொடுத்தார்கள். பழைய பேப்பரை ஊறவைத்து, வெந்தயத்தோடு அரைத்து, உருவம் பிடித்துக் காயவைத்து, மேலே சுண்ணம் பூசி வண்ணம் தீட்ட வேண்டும். கண்ணை எல்லாவற்றுக்கும் கடைசியாகத்தான் வரைவார்கள். கை கால் மூக்கு வரை எனக்கு நன்றாகவே வந்தது. கண்ணில் போய் நின்றுவிடும். ஒரு கண் வரைந்தால் மற்றது அதைப் போல இருக்காது. ஈரத்துணியால் துடைப்பேன், மறுபடி வரைவேன். துடைத்துத் துடைத்து அந்த இடத்தில் சுண்ணம் பெயர்ந்து குழி விழும். குழியை அடைத்துக் காயவைத்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். இப்படி எதையும் முடிக்காமல், கண்ணில்லாத பொம்மைகளை அலமாரியின் மேல்தட்டில் சேர்த்துக்கொண்டே வந்தேன்.

என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். அலமாரியைத் திறக்கும்போதெல்லாம், "ஏம்புள்ள, இந்தச் சனத்துக்கெல்லாம் எப்பப் பொழுது விடியறது?" என்பார். நான் அலமாரியைச் சாத்திவிடுவேன்.

போன சித்திரையில் மகளுக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை வீடு ஸ்ரீரங்கப்பட்டணத்தில், கன்னடக் குடும்பம். நவராத்திரிக்கு அவர்கள் வீட்டில் பொம்மை வைக்கிறார்கள். மேல்படியில் பட்டத கொம்பெ, அதாவது பட்டத்து ராஜா ராணி ஜோடி. அந்த ஜோடியைப் பெண்ணுக்குப் பிறந்த வீட்டில் கல்யாணத்தோடு கொடுத்தனுப்ப வேண்டும் என்பது வழக்கம். எங்கள் பக்கம் விவசாயக் குடும்பங்கள், பொம்மை வைக்கும் பழக்கமே கிடையாது. பாத்திரம் கொடுத்தோம், பீரோ கொடுத்தோம். பொம்மை கொடுக்க வேண்டும் என்று தெரியவில்லை. அவர்களும் கேட்கவில்லை.

ஆவணியில் வந்தபோது மகள் சொன்னாள்: "அத்தையோட ஜோடி இருக்கு, மூத்த மருமகளோட ஜோடி இருக்கு. என்னுதுக்குன்னு எடம் விட்டு வெச்சிருக்காங்கம்மா. யாரும் ஒண்ணும் சொல்லல. ஆனா எடம் காலியா இருக்கு."

கடையில் வாங்கிக் கொடுத்திருக்கலாம். ஏனோ, "நானே செஞ்சு தர்றேன்" என்று சொல்லிவிட்டேன். அவள் போய்ப் புகுந்த வீட்டில் பெருமையாகச் சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு கடைப் பொம்மை கொடுக்க வழியில்லாமல் போனது.

ராஜா சீக்கிரம் முடிந்தார். அவர் பக்கவாட்டில் பார்க்கிற மாதிரி செய்துவிட்டேன், ஒரு கண் போதும். ராணி நேரே பார்க்கிறவள். அவளுக்குக் கடையில் மிஞ்சிய பட்டுத் துண்டில் புடவை கட்டினேன். என் அம்மா கட்டுகிற மாதிரி பின்கொசுவம் வைத்து, முந்தானையை இடுப்பில் செருகினேன். அதில் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. சந்தேகமெல்லாம் கண்ணில்தான். அமாவாசை வரை அழித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பிரதமை, நவராத்திரி தொடங்கும் நாள். முற்பகலுக்குள் பொம்மை படியேற வேண்டும். மகள் முதல் பஸ்ஸில் வந்துவிட்டாள். அவள் உள்ளே வரும்போது நான் ராணியின் வலது கண்ணை அப்போதுதான் துடைத்திருந்தேன்.

"என்னம்மா இது?"

"சரியா வரல. நாளைக்குக் கொண்டாந்து தர்றேன்."

"நாளைக்கு எதுக்கு? இன்னைக்கு வெக்கலைன்னா அடுத்த வருசந்தான். வர்றவங்க எல்லாரும், உங்க வீட்டு ஜோடி எங்கம்மான்னு கேப்பாங்க. செஞ்சுட்டே இருக்காங்கன்னு சொல்லட்டுமா?"

நான் தூரிகையை எடுத்தேன். அவள் பார்த்துக்கொண்டிருந்ததால் வரைய ஓடவில்லை. கீழே வைத்தேன். அவள் என் எதிரில் சம்மணமிட்டு உட்கார்ந்து தூரிகையை எடுத்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் அவள் வாழைப்பழம் வரைந்தால் கத்திரிக்காய் என்பார்கள்.

"உனக்கு வராது, குடு" என்றேன்.

"உனக்கும் வரலையே."

ஒரு வளைவு, கீழே ஒரு வளைவு, நடுவில் ஒரு பொட்டு வைத்தாள். இடது கண்ணைவிட அது பெரிதாக இருந்தது. கொஞ்சம் மேலேயும் போயிருந்தது. நான் ஈரத்துணிக்குக் கை நீட்டினேன். அவள் பொம்மையைத் தூக்கிக்கொண்டு எழுந்து, ஃபேனுக்கு அடியில் நின்று ஊதிக் காயவைத்தாள்.

தசரா விடுமுறை என்பதால் வேன் சும்மா நின்றது. அதில்தான் போனோம். என் மடியில் ராஜா, மகள் மடியில் ராணி. வீட்டுக்காரர் கண்ணாடியில் பார்த்து, "மகாராஜா, ஐடி கார்டு போட்டிருக்கீங்களா?" என்றார். மகள் சிரித்தாள். நான் பைக்குள் ஒரு சின்ன வண்ணக் குப்பியும் தூரிகையும் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். யாரும் பார்க்காதபோது சரிசெய்துவிடலாம் என்று எண்ணம்.

சம்பந்தியம்மா வாசலிலேயே ராணியை வாங்கிக்கொண்டார். முகத்தைப் பார்த்தார். பிறகு பொம்மையைத் திருப்பி முதுகைப் பார்த்தார். அவர் கன்னடத்தில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

"ஏனம்மா, இவங்க அரண்மனைக்கு வந்தாங்களா, நாத்து நடப் போறாங்களா?"

மூத்த மருமகள் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. ராணிக்கு, அம்மா வயலுக்குப் போகும்போது கட்டும் களத்துமேட்டுக் கட்டைக் கட்டியிருக்கிறேன். இத்தனை நாளில் ஒருமுறைகூட அது என் கண்ணில் படவில்லை.

மகள் தயங்கவே இல்லை. "எங்க ஊர் ராணி அப்படித்தான் அத்தே. வரப்புல நடக்கணுமில்ல? நெல்லு வந்தாத்தானே அரண்மனையில சோறு?" என்றாள், அவளும் கன்னடத்தில்.

சம்பந்தியம்மா உரக்கச் சிரித்தார். "அப்ப இவங்களை நடுவுல வெப்போம். சாப்பாடு போடறவங்க நடுவுலதான் இருக்கணும்" என்று மற்ற இரண்டு ஜோடிகளுக்கும் நடுவில் இடம் செய்தார். அட்சதை போட்டு ஆரத்தி எடுத்தார்கள். "இனி விஜயதசமி வரைக்கும் யாரும் எடுக்கக் கூடாது" என்று என்னிடம் சொன்னார். எங்களுக்கு வழக்கம் தெரியாது என்பதால் சொல்லியிருப்பார்.

எல்லாரும் சாப்பிட உள்ளே போனபோது நான் மட்டும் கூடத்தில் நின்றேன். பையைத் திறந்தேன். மேல்படி எனக்கு எட்டும் உயரம்தான். ஒரு துடைப்பு, ஒரு வளைவு, அவ்வளவுதான் வேலை. எடுக்காமலே செய்துவிடலாம். நின்ற இடத்திலிருந்து பார்த்தேன். வலது கண் பெரிதாகத்தான் இருந்தது. யாரோ கூப்பிட்டுத் திரும்பிப் பார்க்கிறவள் போல இருந்தாள். அழகு என்று சொல்ல மாட்டேன். ஆனால் நான் செய்த பொம்மைகளில் எதையாவது பார்த்துக்கொண்டிருந்தது அவளும் ராஜாவும் மட்டும்தான். என் மகள் வரைந்த கண்ணை அழிக்கக் கை வரவில்லை. அழித்தால் என்னால் இதைவிட நன்றாக வரைய முடியும் என்பதற்கும் உறுதி இல்லை.

உள்ளேயிருந்து மகள், "அம்மா, எலை போட்டாச்சு, வா" என்றாள். பையை மூடிக்கொண்டு போனேன். பந்தியில் மூத்த மருமகள் என் பக்கத்தில் உட்கார்ந்து, பேப்பர் எத்தனை நாள் ஊற வேண்டும் என்று கேட்டாள். சொன்னேன். வெந்தயம் எதற்கு என்று கேட்டாள், பூச்சி வராது என்றேன். அதற்கு மேல் எனக்குப் பேச வரவில்லை. அவளே பேசிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை மகள் போன் செய்தாள். ராணியின் பாதத்தில் பசை விட்டு ஒரு பக்கம் சாய்ந்ததாம். எடுக்காமல், நின்ற இடத்திலேயே பசை வைத்து ஒட்டிவிட்டாளாம். கொஞ்சம் சாய்வாகத்தான் நிற்கிறது என்றாள். சரி என்றேன். அன்று கடையிலிருந்து புடவைகள் நிறைய வந்திருந்தன. சரிசெய்ய நான் போகவில்லை.