அம்மனுக்கு வைத்த பானகம்

போன வருடம் வைகாசி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை. காஞ்சிபுரத்தில் எங்கள் தெருக்கோடி அம்மன் கோயிலில் திருவிழா. அக்னி நட்சத்திரம் முடிந்துவிட்டதாகக் காலண்டர் சொன்னது. வெயிலுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. விடிந்து கொஞ்ச நேரத்துக்கெல்லாம் வாசல் சிமெண்ட் தரையில் கால் வைக்க முடியவில்லை.

எங்கள் தெருவில் முக்கால்வாசி வீடுகளில் தறி உண்டு. எங்கள் வீட்டில் மாமனாருக்கு ஒன்று, என் கணவருக்கு ஒன்று. அம்மன் ஊர்வலம் வரும் நாளில் மட்டும் எந்தத் தறியும் ஓடாது. அம்மன் ஒவ்வொரு வாசலிலும் நின்று போகும். தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, பானகம் படைத்த பிறகுதான் அந்த வீட்டுப் பெரியவர்கள் சாப்பிடுவார்கள். நான் வாலாஜாபாத்தில் பிறந்து, பி.காம். படித்துவிட்டு இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவள். இந்த வழக்கமெல்லாம் எனக்குப் பிடிக்கும். அம்மனிடம் எனக்கும் பக்தி உண்டு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நான் எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள். எனக்கு இரண்டு வயதில் ஒரு மகள். அவள் தும்மினால் நெற்றியில் கை வைப்பேன், தூங்கினால் மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன். ஒருமுறை அவள் டயப்பரில் சிவப்பாக ஏதோ இருந்ததைப் பார்த்து, ரத்தம் என்று அலறி ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். முந்தின நாள் சாப்பிட்ட பீட்ரூட் அது. தெருவே சிரித்தது. அதிலிருந்து என் கணவர் என்னைக் கூப்பிடுவதே ‘தெர்மாமீட்டர்’ என்றுதான்.

மாமனாருக்குச் சர்க்கரை வியாதி. காலை மாத்திரையை எடுத்துக் கொடுப்பது என் வேலை. அன்றும் எடுத்துப் போனேன்.

“மாமா, சாப்பிடாம இதைப் போடலாமா?”

“ஆத்தா இதோ வந்துக்கினே இருக்கா. அவ வந்ததும் சாப்புடப் போறேன். குடுமா.”

கொடுத்தேன். மனசு கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, ஒரு இட்லியாவது சாப்பிடுங்களேன் என்று மறுபடியும் போய் நின்றேன். அடுப்படியில் வெல்லம் தட்டிக்கொண்டிருந்த அத்தை, என் மாமியார், “அவரு இன்னா கொழந்தையா? நீ உம்பொண்ணைப் பாரு,” என்றார். சரி, ஒவ்வொரு வருடமும் இப்படித்தானே நடக்கிறது, நான்தான் வீணாகக் கலவரப்படுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆனால் அந்த வருடம் அம்மன் வரத் தாமதமானது. பக்கத்துத் தெருவில் ஒரு மின்கம்பி தாழ்ந்திருந்ததாம். பூ அலங்காரத்தின் மேல் பாதியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்கள். என் கணவரும் அங்கேதான் இருந்தார், அம்மனைத் தூக்கி வருகிறவர்களோடு. மேளச் சத்தம் கேட்கிறது, ஆனால் அம்மன் வரவில்லை. பானகக் குடத்தை வாசலில் முக்காலியில் வைத்து வெள்ளைத் துணி போட்டு மூடியிருந்தோம். மாமனார் வெற்றுடம்பில் துண்டோடு, தேங்காய்த் தட்டைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றார். நிழலுக்கு வரச் சொன்னால் வரவில்லை. கோலத்தை மிதித்துவிட்ட எதிர்வீட்டுச் சிறுமியைப் பார்த்துத் திடீரென்று கத்தினார். குரல் உயர்த்தியே நான் கேட்டிராத மனிதர். பசி, வெயில் என்று நினைத்தேன்.

மேளம் எங்கள் தெரு முனையை நெருங்கியபோது தட்டு அவர் கையிலிருந்து விழுந்தது. தேங்காய் உருண்டு சாக்கடை ஓரம் போய் நின்றது. மாமனார் ஆட ஆரம்பித்தார். உடம்பு முழுவதும் நடுக்கம். கண் திறந்திருந்தது, ஆனால் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. வாய் எதையோ முணுமுணுத்தது.

“ஆத்தா வந்துட்டாடி!” என்றார் பக்கத்து வீட்டு அக்கா.

அவ்வளவுதான். கூட்டம் சுற்றிக்கொண்டது. யாரோ வேப்பிலை ஒடித்து வந்தார்கள், யாரோ மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அத்தை அழுதேவிட்டார். “எம் மாமியாருக்கு வந்துக்கினு இருந்தது. அவங்க போய் இத்தனை வருசம் கழிச்சு இப்ப புள்ள மேல வந்திருக்குது.” அதைக் கேட்டதும் எனக்கும் உடம்பு சிலிர்த்தது. மகளை இடுப்பில் வைத்துக்கொண்டே நானும் கும்பிட்டேன். அவள் கையையும் பிடித்துக் கூப்ப வைத்தேன்.

அக்கா முன்னால் வந்து, “தாயே, எம்பொண்ணுக்கு எப்பம்மா கல்யாணம் கூடும்?” என்று கேட்டார்.

“அறுந்துடுச்சு... பாவு அறுந்துடுச்சு...” என்றார் மாமனார், தறியில் நீளவாக்கில் ஓடும் நூலைச் சொல்வது போல.

அக்காவின் முகம் செத்துப்போய்விட்டது. “ஐயோ, இப்பதானே ஒரு எடம் கூடி வருது!”

அந்த நேரத்தில் மாமனார் கால் பின்னி என் பக்கம் சாய்ந்தார். தாங்கிப் பிடித்தேன். அப்போதுதான் அவர் கை என் கையில் பட்டது. சில்லென்று இருந்தது. அந்த வெயிலில் அப்படி ஒரு குளிர்ச்சி. தண்ணீரில் தோய்த்து எடுத்தது போல வியர்வை. மாத்திரை, வெறும் வயிறு, இவ்வளவு நேரம்.

தெளிவாக யோசித்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். வெயில் மயக்கத்திலும் இப்படி வியர்க்குமே என்று ஒரு மனசு சொன்னது. அருள் வந்தவர்களுக்கும் வியர்க்கும், நீயே பார்த்திருக்கிறாய் என்றது இன்னொன்று. பீட்ரூட், பீட்ரூட் என்று ஒரு குரல் வேறு. இதற்கெல்லாம் நடுவில், மாமனாருக்கு மாத்திரை எழுதிய டாக்டர் ஒருமுறை சொன்னதும் ஞாபகம் வந்தது. ஆள் திடீரென்று வியர்த்து, நடுங்கி, சம்பந்தமில்லாமல் பேசினால், விழுங்கும் நிலையில் இருக்கும்வரை இனிப்பாக ஏதாவது குடிக்கக் கொடுங்கள். சர்க்கரை ஏறினால் பிறகு இறக்கிக்கொள்ளலாம், இறங்கிவிட்டால் காத்திருக்க நேரம் கிடையாது என்றார். நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும் என்றும் சொல்லியிருந்தார்.

எங்கள் வீடு ரயில் பெட்டி மாதிரி நீளமானது. தறிக்கூடத்தைத் தாண்டிப் பின்கட்டில்தான் அடுப்படி. உள்ளே போய்ச் சர்க்கரை எடுத்து வந்திருக்கலாமே என்று பிறகு பலர் கேட்டார்கள். வாசலை அடைத்துக் கூட்டம் நின்றது, அதுவும் உண்மைதான். ஆனால் எனக்கு அது தோன்றவே இல்லை. கைக்கெட்டும் தூரத்தில் ஒரு குடம் வெல்லத் தண்ணீர் இருந்தது.

மாமனாரைப் பக்கத்தில் நின்றவர் பிடியில் விட்டு, மகளை அக்காவின் கையில் திணித்துவிட்டுத் துணியை விலக்கினேன். டம்ளரை உள்ளே விட்டேன். அத்தை என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“அடியேய், அம்மனுக்கு வெச்சதுடி! இன்னும் படைக்கல!”

“அத்தை, மாமாவுக்கு சுகர் எறங்கிடுச்சு.”

“ஆத்தா வந்திருக்கா, நீ சுகருன்ற! இன்னா தெரியும் உனக்கு?”

“பீட்ரூட்டுக்கே ஆட்டோ புடிச்ச பொண்ணுதானே,” என்றார் அக்கா, என் மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டே. நாலைந்து பேர் சிரித்தார்கள்.

அத்தையின் பிடியை உதறவும் முடியவில்லை, டம்ளரை விடவும் முடியவில்லை. இடது கையால் அத்தையின் இன்னொரு கையைப் பிடித்து இழுத்து மாமனாரின் மார்பில் வைத்தேன். “நீங்களே தொட்டுப் பாருங்க அத்தை. எப்படி ஜில்லுனு இருக்குது பாருங்க.”

அத்தை தொட்டார். “ஏங்க,” என்று கூப்பிட்டார். “ஏங்க, இங்க பாருங்க. நான் யாரு?” மாமனார் அவரை ஒரு தூணைப் பார்ப்பது போலப் பார்த்தார். அத்தை என் மணிக்கட்டை விட்டார்.

மாமனாரைப் பிடித்து நிழலில் வாசப்படியில் உட்கார வைத்து டம்ளரை உதட்டில் வைத்தேன். அவர் ஒரே தட்டாகத் தட்டிவிட்டார். பானகம் என் புடவையிலும் தரையிலும் கொட்டியது. “பாத்தியா, ஆத்தாவுக்குப் புடிக்கல,” என்று பின்னாலிருந்து ஒரு குரல். உண்மையிலேயே அம்மனாக இருந்தால்? நான் எச்சில் படுத்தியது அவளுக்கு வைத்ததையா? என் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அப்படியெல்லாம் ஓடியது மனசு. ஓடிக்கொண்டிருக்கும்போதே கை இன்னொரு டம்ளர் மொண்டுவிட்டது.

இந்த முறை அத்தை மாமனாரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். நான் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினேன். “மாமா, முழுங்குங்க. முழுங்குங்க மாமா.” ஒவ்வொரு வாய்க்கும் தொண்டை அசைகிறதா என்று பார்த்த பிறகுதான் அடுத்தது. பாதி வழிந்தது, பாதி உள்ளே போனது. ஆட்டோ ஒன்றைத் தெரு மறுமுனையில் நிறுத்தச் சொல்லி ஆள் அனுப்பினேன்.

பிறகு காத்திருந்தோம். இன்றைக்கும் என்னைத் தூக்கத்திலிருந்து எழுப்புவது அந்தக் காத்திருப்புதான். ஒன்றுமே மாறவில்லை. மேளம் தெருவுக்குள் வந்துவிட்டது. அம்மன் பத்து வீடு தள்ளி நிற்கிறாள். எங்கள் குடம் திறந்து கிடக்கிறது, என் புடவையெல்லாம் வெல்லம், மகள் வீறிட்டு அழுகிறாள், தெருவே என்னைப் பார்க்கிறது. அத்தை அவர் கைகளை விடாமல், அம்மன் இருந்த திசையைப் பார்த்து ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். யாருக்காக வேண்டினார் என்று நான் கேட்டதில்லை. நான் இன்னொரு டம்ளரும் கொடுத்தேன்.

முதலில் நடுக்கம் குறைந்தது. பிறகு, தூங்கி எழுந்தவர் போல மாமனார் சுற்றும் முற்றும் பார்த்தார். நாக்கால் உதட்டைத் தடவினார்.

“இன்னாமா இது, பானகமா? அம்மன் வந்துட்டுப் போயிடுச்சா?”

“இன்னும் வரல,” என்றார் அத்தை. “நீங்கதான் மொதல்ல வந்துட்டீங்க.” சொல்லிவிட்டுச் சிரித்தார், சிரித்துக்கொண்டே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

உள்ளே அழைத்துப் போய்ச் சர்க்கரை பார்க்கும் கருவியில் விரலைக் குத்திப் பார்த்தேன். அவ்வளவு பானகம் குடித்த பிறகும் குறைவாகத்தான் காட்டியது. நாலு இட்லி சாப்பிட வைத்து ஆட்டோவில் ஏற்றி நானும் கூடப் போனேன். தெளிந்துவிட்டாரே, ஆஸ்பத்திரி எதற்கு என்று சிலர் கேட்டார்கள். இந்த மாத்திரைக்கு மறுபடியும் இறங்கலாம், அதனால் கண்காணிப்பில் இருக்க வேண்டும் என்று அங்கே சொன்னார்கள். அன்று முழுவதும் வைத்திருந்துதான் அனுப்பினார்கள்.

நாங்கள் கிளம்பிய பிறகு அத்தை குடத்தைக் கழுவி, புதிதாக வெல்லம் கரைத்து, அம்மன் எங்கள் வாசலுக்கு வருவதற்குள் படைத்துவிட்டார். நாங்கள் திரும்பி வந்தபோது மாமனாரிடம் மட்டும் பேசினார். ராத்திரி சாப்பாடு போடும்போது, “அந்தப் புடவையை ஊற வெச்சியா? வெல்லக் கறை, எறும்பு வரும்,” என்றார். அதற்குமேல் நான் எதிர்பார்க்கவும் இல்லை.

தெருவில் இன்னும் பாதிப் பேர், அன்று அம்மன்தான் வந்தாள், மருமகள்தான் குறுக்கே விழுந்து கெடுத்தாள் என்கிறார்கள். அக்காவின் மகளுக்கு அந்த இடமே கூடிவந்து கல்யாணமும் நடந்தது. “நான் பயந்துக்கினே இருந்தேன்பா,” என்று அக்கா மாமனாரிடம் வந்து சொல்லிவிட்டுப் போனார். இந்த வருடத் திருவிழாவில் மாத்திரையை நான் எடுப்பதற்கு முன்பே அத்தை இட்லித் தட்டை மாமனார் முன்னால் வைத்தார். “சாப்புடுங்க. ஆத்தா கோச்சிக்கமாட்டா. உங்க மருமவதான் கோச்சிக்குவா.”

அன்று நான் தைரியமாக நடந்துகொண்டதாகச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். கடைசி டம்ளர் காலியாகும்வரை நான் செய்வது சரியா என்று எனக்குத் தெரியாது. பயம் முழுவதும் தீர்ந்த பிறகுதான் ஒரு காரியத்தில் இறங்க வேண்டும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். என்னைப் போன்றவர்களுக்கு அது தீரவே தீராது, அதையும் சுமந்துகொண்டுதான் கையை நீட்ட வேண்டும் என்று இப்போது தெரிகிறது.