கண்கொத்தி வைத்த சிவப்புப் பொட்டு

லாரிக்காரர்கள் மத்தியில் அவருக்குக் கண்கொத்தி என்று பெயர். டீசல் போடும்போது மற்றவர்கள் பம்பில் ஓடும் எண்ணைப் பார்ப்பார்கள். இவர் போடுகிறவனின் முழங்கையையும் சேர்த்துப் பார்ப்பார். பாலில் நுரை கொஞ்சம் அதிகமாகத் தெரிந்தால் பால்காரனுக்கு அன்று விசாரணைதான். கட்டிய மனைவி இருபது வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "உங்க பின்னாலயே ஒரு நிழல் வருதே, அது யாருன்னு கேட்டீங்களா?" என்று ஒருநாள் கேட்டேவிட்டாள்.

அப்பேர்ப்பட்டவருடைய லாரி முன்பக்கம் ஆட்டம் காட்டத் தொடங்கியது. ஸ்டியரிங்கைக் கால் சுற்று திருப்பினாலும் சக்கரம் அசைந்து கொடுக்கவில்லை. முன் டயர்கள் உள்விளிம்பில் மட்டும் தேய்ந்து மொட்டையாகியிருந்தன. சக்கரம் திரும்புகிற மூட்டுச் சாமான்களான கிங் பின், புஷ், டை ராட் எண்டு எல்லாவற்றையும் மாற்றியாக வேண்டும். அந்த வேலையில் கைதேர்ந்தவர் சுற்றுவட்டாரத்தில் ஒரே ஒரு மெக்கானிக். அவர் கண்கொத்தியின் தங்கை புருஷன்.

"நான் வாங்கின புதுசை எடுத்து வச்சுக்கிட்டுப் பழசையே கழுவி மாட்டிட்டாருன்னா?" என்று இவர் வீட்டில் முணுமுணுத்தது எப்படியோ தங்கை காதுக்குப் போய்விட்டது. அவள் நேரே வந்து நின்றாள்.

"அண்ணே, வண்டியைக் கொண்டு வா. ஆனா அவரைத் திருடன்கிற மாதிரி ஒரு வார்த்தை பேசினே, அப்புறம் இந்த வாசப்படியை மிதிக்க மாட்டேன்."

அப்பா அம்மா போன பிறகு அவருக்கென்று இருக்கிற ஒரே உடன்பிறப்பு அவள்தான். அன்றே வாயைக் கட்டிப்போட்டார், கையைத்தான் கட்டவில்லை. வேலைக்கு முந்தின நாள் மகளுடைய நெயில் பாலிஷை எடுத்துக்கொண்டு லாரிக்கு அடியில் புகுந்து, பழைய சாமான் ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தார். பாட்டில் சட்டைப் பையிலேயே தங்கிவிட்டது.

பட்டறையில் காலையிலிருந்து ஒரு பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார்.

"மச்சான், நிழல்ல போய் உக்காருங்களேன்."

"பரவால்ல மாப்ளே, இங்கதான் காத்து வருது."

ஒரு இலை அசையவில்லை. கிங் பின் துருப்பிடித்து இறுகிப்போயிருந்ததால் மெக்கானிக் ஒரு மணி நேரம் சுத்தியலோடு மல்லுக்கட்டினார். கழற்றியதையெல்லாம் ஒரு சாக்கில் போட்டார். அந்தச் சாக்கு எதற்கு என்று கண்கொத்திக்கு ஒரு உறுத்தல். புதியதை மாட்டி, கிரீஸை அப்பி, சக்கரங்களைப் பூட்டி, ஜாக்கியை இறக்கிய பிறகு மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டார்.

"மேல ஏறி ஸ்டியரிங்கை ரெண்டு பக்கமும் ஆட்டுங்க மச்சான். நான் கை வச்சு ஆட்டம் இருக்கான்னு பார்க்கறேன்."

என்னை மேலே ஏற்றிவிட்டுக் கீழே என்ன செய்யப் போகிறார் என்று கண்கொத்திக்கு ஒரே குடைச்சல். ஒரு திருப்புத் திருப்புவார், கதவு வழியாகத் தலையை நீட்டிப் பார்ப்பார். இடப்பக்கம் முடிந்ததும் பொறுக்கமுடியாமல் இறங்கிப்போய்க் குனிந்து, டை ராட் எண்டில் இருந்த கிரீஸைக் கட்டைவிரலால் வழித்தார்.

சிவப்புப் பொட்டு.

ரத்தம் தலைக்கேறியது. தங்கை சாப்பாட்டுக் கேரியரோடு உள்ளே வந்துகொண்டிருந்தது அவர் கண்ணிலேயே படவில்லை.

"பழசையே மாட்டி என்னை ஏமாத்தறீங்களா மாப்ளே? இதுல நான் அடையாளம் வச்சிருக்கேன்!"

மெக்கானிக் எழுந்து வந்தார். சாக்கை இழுத்துவந்து தரையில் கவிழ்த்தார். கிங் பின் இரண்டு, டை ராட் எண்டு இரண்டு, தேய்ந்து போன புஷ்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்புப் பொட்டு.

அப்போதுதான் கண்கொத்திக்கு ஞாபகம் வந்தது. ஒரு மாதம் முன்பு, புதிய சாமான்களை வாங்கிவந்து கட்டிலுக்கடியில் வைத்த அன்றைக்கு, யாராவது மாற்றிவிடப் போகிறார்களே என்று அவற்றுக்கும் பொட்டு வைத்திருந்தார். அதே பாட்டில்தான்.

தங்கை கேரியரைக் கீழே வைத்தாள். மெக்கானிக் பழந்துணியில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"நீங்க மேல ஸ்டியரிங்கை ஆட்டினப்ப என் விரல் அந்த மூட்டுமேல இருந்துச்சு மச்சான். ஒரே வெட்டா திருப்பியிருந்தா விரல் போயிருக்கும். உங்க கையில நான் எங்க பொட்டு வைக்கறது?"

குரல் உயரவே இல்லை. திரும்பப் போய் வண்டிக்கு அடியில் படுத்தார். "ஏறுங்க. வலப்பக்கம் பார்க்கணும்."

கண்கொத்தி ஏறினார். வெட்கம் பிடுங்கித் தின்றது. கதவு வழியாக எட்டிப் பார்க்கவில்லை. கைக்குழந்தையைப் புரட்டிப் போடுவதுபோல மெல்லத் திருப்பினார்.

"ஆட்டமே இல்ல மச்சான்," என்றது கீழேயிருந்து குரல். மேலே அவர் அழுதுகொண்டிருந்தார்.

இறங்கியதும் தங்கை எதிரே வந்து நின்றாள். அவர் சட்டைப் பையில் கைவிட்டுப் பாட்டிலை எடுத்தாள்.

"இது என் மருமகளோடதுதானே?"

தலையாட்டினார்.

"நாளைக்கு நானே வந்து அவகிட்ட குடுத்துக்கறேன்." முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னாள்.

மறுநாள் அவர் லோடு ஏற்றப் போகவில்லை. விடிந்ததிலிருந்து வாசலில் நின்றார். வருவாளா? சும்மா பேச்சுக்குச் சொல்லியிருப்பாளோ? தன் சந்தேகம் ஒன்றாவது பலித்துவிடாதா என்றே இத்தனை காலம் ஊரை உற்றுப் பார்த்தவர், இந்தச் சந்தேகம் ஒன்று மட்டும் பொய்யாகிவிடட்டும் என்று தெருமுனையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.