துரை குளித்த தொட்டி

என் வீட்டுக்காரரின் முதுகு போனதற்கு நான்தான் காரணம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எழுபதுகளின் கடைசியில் நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்களுக்குச் சின்ன குவார்ட்டர்ஸிலிருந்து பெரிய குவார்ட்டர்ஸ் ஒதுக்கினார்கள். பெரியது என்றால் ஓர் அறை கூடுதல், பின்பக்கம் கொஞ்சம் மண் தரை, அவ்வளவுதான். அந்த ஓர் அறைக்காக வருஷக்கணக்கில் காத்திருந்தவள் நான். ராகு காலம் தொடங்குவதற்குள் பீரோ உள்ளே போய்விட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். தூக்க வருவதாகச் சொன்ன ஆட்கள் வரவில்லை.

"சாயங்காலம் தூக்கிக்கிடலாமே" என்றார் அவர்.

"சுரங்கத்துல மலையையே புரட்டுறீங்க. ஒரு பீரோவுக்கு ஆள் வேணுமாக்கும்?" என்றேன்.

என் வாய் அப்படி. வீம்புக்குத் தூக்கினார். வாசற்படியில் கால் வைத்தவர் "அம்மா" என்று ஒரே ஒரு சத்தம் போட்டுவிட்டு அப்படியே மடங்கினார். பீரோ ராகு காலத்துக்கு முன்பே உள்ளே போய்விட்டது. சத்தம் கேட்டு ஓடி வந்த அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்து, அவரைத்தான் நாலு பேர் தூக்கி வந்து கிடத்தினோம்.

அவர் சுரங்கத்தில் மண் வெட்டும் பெரிய மெஷினை ஓட்டுபவர். மாடி மாடியாக ஏணியில் ஏறிப் போய் உச்சியில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வேண்டும். அந்தக் கூண்டைப் பற்றிப் பேசும்போது மட்டும்தான் அவர் முகத்தில் ஒரு கர்வம் தெரியும். ஆஸ்பத்திரி டாக்டர் இரண்டு மாதம் லீவு எழுதிக் கொடுத்தார். அதற்குப் பிறகு ஃபிட்னஸ் பரிசோதனை. அதில் தேறாவிட்டால் மெஷினிலிருந்து இறக்கி லைட் டியூட்டி கொடுத்துவிடுவார்கள். கேட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிற வருகிற வண்டியின் நம்பரை நோட்டில் எழுதும் வேலை.

"கேட்டுல உட்காருறதுக்கு இப்படியே படுத்துக் கிடக்கலாம்" என்றார் ஒருநாள், சுவரைப் பார்த்துக்கொண்டு. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். மெதுவாகத்தான் சொன்னார். எனக்குப் பயம் வந்தது அன்றைக்குத்தான்.

டாக்டர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். தினமும் அரை மணி நேரம் முதுகு முழுவதும் வெந்நீருக்குள் இருந்தால் தசை இளகிக் கொடுக்குமாம். நான் ஒத்தடம் கொடுத்துப் பார்த்தேன். ஸ்டூலில் உட்காரவைத்துச் செம்பு செம்பாக ஊற்றிப் பார்த்தேன். ஊற்றிய தண்ணீர் ஓடிப்போகிறதே தவிர முதுகில் நிற்கவில்லை. ஆளையே முக்கி வைக்க ஒரு பாத்திரம் வேண்டும். எங்கள் வீட்டில் இருந்த அண்டாவில் அவருடைய ஒரு கால் கொள்ளும்.

அப்போதுதான் மந்தாரக்குப்பத்துப் பழைய இரும்புக் கடையில் அந்தத் தொட்டியைப் பார்த்தேன். டவுன்ஷிப்புக்கு வெளியே இருக்கும் கடைத்தெரு ஊர் அது. எங்களுக்கு எது வேண்டுமானாலும் அங்கேதான் போவோம். துருப்பிடித்த டிரம்களுக்கு நடுவே, வெள்ளைப் பீங்கான் பூசிய இரும்புத் தொட்டி, சிங்கத்தின் பாதம் போல நாலு கால்களோடு கிடந்தது. உள்ளே ஒரு பூனை குட்டி போட்டிருந்தது.

"துரைங்க குளிச்ச தொட்டிம்மா" என்றார் கடைக்காரர். "முன்னே வெளிநாட்டு என்ஜினீருங்க இருந்தாங்கல்ல, அவங்க பங்களாவுல கழட்டினது. காலை நீட்டிக்கினு படுத்தா கழுத்து வரைக்கும் தண்ணி நிக்கும்."

"அடியில ஓட்டை இருக்கே."

"தண்ணி போறதுக்கு ஓட்டை இருக்காதா? நீ அடைச்சிக்கம்மா."

பேரம் பேசி முடிப்பதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. பூனைக்குட்டிகளை ஒரு சாக்குக்கு மாற்றிவிட்டு, தொட்டியை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். குளியலறைக் கதவில் அது நுழையவில்லை. பக்கவாட்டு வேலியைப் பிரித்து, ஆறு பேர் தூக்கி, பின்பக்க மண் தரையில் செங்கல் அடுக்கி அதன்மேல் இறக்கினார்கள். அவர் கட்டிலில் படுத்தபடி ஜன்னல் வழியாக "இடது பக்கம் தணிஞ்சிருக்கு, ஒரு செங்கல் வையி" என்று உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார். முதுகு விழுந்த நாளுக்குப் பிறகு அன்றுதான் அவர் குரலில் கொஞ்சம் உயிர் இருந்தது.

ஓட்டையை அடைக்க, சுரங்கத்தில் மண் ஏற்றிப் போய்த் தேய்ந்து, எங்கள் ஊரில் எல்லார் வீட்டிலும் மிதியடியாகக் கிடக்கும் கன்வேயர் பெல்ட் ரப்பரில் வட்டமாக ஒரு துண்டு வெட்டிச் செருகினேன். முதல் நாள் எல்லாத் தண்ணீரும் அவரைச் செடிக்குப் போனது. இரண்டாம் துண்டு நின்றது. சுற்றிலும் பழைய புடவைகளைக் கட்டி மறைத்தேன். பக்கத்து வீட்டு அம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு, "என்னங்க, நெல்லு அவிக்கப் போறீங்களா?" என்று கேட்டார். "ஆமா, எங்க வீட்டுக்காரரை அவிக்கப் போறேன்" என்றேன். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

சூடாக்குவதுதான் பெரிய பாடு. கரி அடுப்பில் இரண்டு அண்டா காய்ச்சி ஊற்றினால் தொட்டி வெதுவெதுப்பாகும். மிச்சத்துக்கு மந்தாரக்குப்பத்திலிருந்து பெரிய சுருள் வைத்த ஹீட்டர் ஒன்று வாங்கினேன். தொட்டியின் கால்மாட்டில் ஒரு மரச்சட்டத்தைக் குறுக்காகப் போட்டு அதில் ஹீட்டரைத் தொங்கவிட்டோம். வயர் சமையலறைச் சுவரில் இருந்த பிளக்குக்குப் போனது. அது கெட்ட ஹீட்டர். இரண்டாம் நாளே, தண்ணீர் சூடா என்று பார்க்க விரலை வைத்தேன், முழங்கை வரை தூக்கி அடித்தது. ஒரு மணி நேரம் கை மரத்துப் போயிருந்தது. வேறு வாங்குவோம் என்றார் அவர். எல்லா ஹீட்டரும் அப்படித்தான் அடிக்கும், அணைத்துவிட்டு இறங்கினால் போதும் என்றேன் நான்.

அவரால் குனிந்து பிளக்கைப் பிடுங்க முடியாது; படியேறிச் சமையலறைக்குப் போய்வருவதும் கஷ்டம். அதனால் நானே ஒரு ஏற்பாடு செய்தேன். ஹீட்டர் லைனிலேயே ஒரு சிவப்பு பல்பை இணைத்து, பின்வாசல் நிலையில், தொட்டியிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி தொங்கவிட்டேன்.

"பல்ப் எரிஞ்சா தண்ணியில கரண்ட் இருக்குன்னு அர்த்தம். அணைஞ்சா நான் சுவிட்சை அணைச்சாச்சுன்னு அர்த்தம். அப்புறம் தாராளமா இறங்குங்க."

"பெரிய என்ஜினீருதான்" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. நாலைந்து வாரம் அந்த ஏற்பாடு பிசகில்லாமல் நடந்தது. சாயங்காலம் அவர் நாற்காலியில் துண்டோடு உட்கார்ந்து பல்பைப் பார்த்துக்கொண்டிருப்பார். உள்ளே நான் சுவிட்சை அணைப்பேன். "சரி" என்று குரல் கொடுத்துவிட்டு விளிம்பைப் பிடித்து மெல்ல இறங்குவார். வெளியே வர மட்டும் என் தோள் வேண்டும். முதுகும் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தது. பரிசோதனைக்கு இன்னும் பத்துப் பதினைந்து நாள் இருந்தது.

ஒருநாள் நாலு மணிக்கு ஹீட்டரைப் போட்டுவிட்டு, கோதுமை அரைக்க மந்தாரக்குப்பம் மாவு மில்லுக்குப் போனேன். ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடலாம் என்ற கணக்கு. மில்லில் கூட்டம். எதிரே ஒரு காதுகுத்து வீட்டில் ஒலிபெருக்கி காதைக் கிழித்துக்கொண்டிருந்தது. என் முறை வருவதற்கு முன்னால் பாட்டு நடுவில் அறுந்தது. மில்லும் நின்றது. கரண்ட் போய்விட்டது.

மில்காரர் செய்த முதல் காரியம் சுவரில் இருந்த பெரிய சுவிட்சைக் கீழே இழுத்ததுதான். அவர் மட்டுமில்லை, பக்கத்துச் சைக்கிள் கடையிலும் ஒருவர் எழுந்து போய் எதையோ அணைத்தார்.

"அதான் கரண்டே இல்லையே, எதுக்கு அணைக்கிறீங்க?" என்று கேட்டேன். எனக்கு நிஜமாகவே தெரியாது.

"இன்னாம்மா இப்டி கேக்கிற? போன கரண்டு எப்ப வரும்னு யாரு கண்டா? திடுக்குனு வந்தா மோட்டாரு பூடும். நீங்க டவுன்ஷிப்பு ஆளுங்க. உங்களுக்கு எங்க கரண்டு போவுது, இதெல்லாம் தெரியறதுக்கு?"

எல்லாரும் சிரித்தார்கள். அது உண்மைதான். கரண்ட் தயாராகிற ஊரிலேயே குடியிருந்தோம். வீட்டில் மெழுகுவர்த்திகூட வைத்துக்கொண்டதில்லை. நானும் சிரித்தேன். அப்போது டவுன்ஷிப் பக்கமிருந்து சைக்கிளில் வந்த ஒருவர் காலை ஊன்றி நின்று, "அதிசயமா இருக்குது. டவுன்ஷிப்லயும் கரண்ட் இல்ல" என்றார்.

நான் சிரித்த வாயை மூடவில்லை. அந்தச் சிவப்பு பல்ப் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. அது இப்போது அணைந்திருக்கும். சமையலறையில் சுவிட்ச் போட்டபடியே இருக்கும். பின்பக்க மண் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கு ஃபேன் நின்றது தெரியாது. பகல் வெளிச்சத்தில் வீட்டு விளக்கு தெரியாது. பல்ப் அணைந்தது மட்டும்தான் தெரியும். நான் வந்து அணைத்துவிட்டேன் என்று நினைப்பார். "சரி" என்று குரல் கொடுப்பார். இறங்கிவிடுவார்.

என்ன சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. தண்ணீர், ஹீட்டர், அவர் என்று ஏதோ உளறினேன். மில்காரருக்கு உடனே புரிந்தது. சைக்கிளை இழுத்துக்கொண்டு வந்தார். "ஏறும்மா, பின்னால குந்திக்க" என்றார். முன்பின் தெரியாத ஆணின் சைக்கிள் கேரியரில், மாவு அப்பிய அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு போனேன்.

வழியெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். அந்த ஒலிபெருக்கி பாடாமல் இருக்கிறவரை என் வீட்டுக்காரர் உயிரோடு இருக்கிறார். பாட்டு தொடங்கினால் முடிந்தது. தெரிந்த சாமி பெயரெல்லாம் மறந்துபோய், "பாடாதே, பாடாதே" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். டவுன்ஷிப்புக்குள் நுழைந்ததும் ஒலிபெருக்கியின் தூரம் தாண்டிவிட்டது. அதற்கு மேல் எனக்கு எந்த அடையாளமும் இல்லை. நேரான ரோடு, இரண்டு பக்கமும் மரம், ஒரே மாதிரி வீடுகள். எந்த வீட்டிலும் ரேடியோ சத்தம் கேட்கவில்லை என்பதைப் பிடித்துக்கொண்டேன். எங்கோ ஒரு வீட்டில் ரேடியோ பேசியது. மாவுச் சட்டையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தேன். "அது பேட்டரி ரேடியோம்மா, பயப்படாத" என்றார் மில்காரர், மிதித்துக்கொண்டே. அவரும் அதையேதான் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார்.

வீட்டு வாசலில் சைக்கிளிலிருந்து குதித்தேன். பின்பக்கம் ஓடி என் வீட்டுக்காரரை எழுப்புவதா, உள்ளே போய்ச் சுவிட்சை அணைப்பதா? கத்தினால் பதறி இரும்பு விளிம்பைப் பிடிப்பார். தூக்கிவிடப் போனால் நானும் அந்தத் தண்ணீரில் கை வைக்க வேண்டும். உள்ளேதான் ஓடினேன். சமையலறைச் சுவிட்ச் போட்டபடியே இருந்தது. அணைத்தேன். அணைத்ததை நம்பாமல் பிளக்கையும் பிடுங்கினேன். பிடுங்கியும் நம்பவில்லை, அதைக் கையில் வைத்துக்கொண்டே அடுப்படியில் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பின்பக்கத்திலிருந்து அவர் குரல் வந்தது. சாவகாசமான குரல்.

"என்ன பண்ணிட்டு இருக்க உள்ள? அப்பவே லைட்டை அணைச்ச, ஆளைக் காணோம்? தண்ணி இன்னைக்கு ஆறிப் போச்சு."

அவர் கேட்டு முடிப்பதற்குள்ளோ, முடித்த பிறகோ, தலைக்கு மேல் ஃபேன் ஒருமுறை கிறீச்சிட்டு மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தது. வேகம் பிடித்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாசலில் நின்றிருந்த மில்காரர் ஃபேன் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். "கோதுமை மில்லுலயே கெடக்கட்டும், நாளைக்கு வந்து வாங்கிக்க" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளைத் திருப்பினார்.

பின்னால் போய் அவரைத் தூக்கிவிட்டேன். என் முகத்தைப் பார்த்து, "என்னாச்சு?" என்று கேட்டார். சொல்லியிருக்கலாம். பீரோவையும் நான்தான் தூக்கச் சொன்னேன், பல்பையும் நான்தான் கட்டினேன். எந்த வாயால் சொல்வது? "சுருக்குனு எந்திரிங்க. எம்புட்டு நேரம்தான் ஊறுவீங்க? எருமை மாடு மாதிரி" என்று எரிந்து விழுந்தேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் புடவை மறைவுக்கு அந்தப் பக்கம் போய் நின்று அழுதேன்.

மறுநாள் காலை முதல் வேலையாகச் சிவப்பு பல்பைக் கழற்றி எறிந்தேன். "ஃப்யூஸ் போச்சு" என்றேன். ஹீட்டரையும் மாற்றினேன். சாயங்காலம் அவர் இறங்குவதற்கு முன் பிளக்கைப் பிடுங்கி, வயரோடு இழுத்துக்கொண்டு வந்து, தொட்டிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தேன். அரை மணி நேரமும் நகரவில்லை. வாய் சும்மா இருக்காதே, எதையாவது பேசிக்கொண்டிருந்தேன். அதற்கு அடுத்த நாளும், அதற்கு அடுத்த நாளும்.

ஃபிட்னஸ் கிடைத்தது. அவர் மறுபடி ஏணியில் ஏறி அந்தக் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்தார். ரிடையர் ஆகும் வரை உட்கார்ந்தார். இன்றைக்கும் யாராவது முதுகுவலி என்று சொன்னால் போதும், ஆரம்பித்துவிடுவார்.

"வெந்நீரெல்லாம் சும்மாங்க. கடைசி ரெண்டு வாரம் இவ தொட்டி பக்கத்துலயே முக்காலி போட்டு உக்காந்து பேசிக்கிட்டே இருந்தா. அரை மணி நேரம், அசைய மாட்டா. அதுலதான் எனக்கு முதுகு சரியாச்சு."

கேட்பவர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன். அந்த அரை மணி நேரம் முழுவதும் என் முந்தானைக்குள் பிளக் இருந்தது. அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுதான் பேசினேன்.