மாலை போட்ட கம்ப்யூட்டரும் திறக்காத கல்யாணப் படங்களும்

ஸ்கிரீனில் "செக்மென்டேஷன் ஃபால்ட்" என்று, அதாவது புரோகிராம் பாதியிலேயே செத்துவிட்டது என்று, வந்தபோது நான் ஆயுத பூஜைப் பொரியை மென்றுகொண்டிருந்தேன். பழனிசெட்டிபட்டியில் ஒரு கல்யாண போட்டோ ஸ்டூடியோ. அங்கே படங்களெல்லாம் இருக்கும் லினக்ஸ் சர்வரைக் கட்டி மேய்ப்பது என் வேலை. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் சிரித்துவிட்டுப் போனாலும் சரி, அன்று நான் செய்ததைச் செய்யாமல் இருந்தால் போதும்.

1. அமுக்கி வைத்தது

எங்கள் முதலாளி செல்லப்பாண்டி அண்ணன் கேமராவுக்கு லட்சக்கணக்கில் கொட்டுவார். ஹார்ட் டிஸ்க் வாங்கச் சொன்னால் மட்டும் முகம் சுருங்கும். "இருக்குற எடத்துலயே அமுக்கி வைம்மா" என்பார். நானும் யாரும் கேள்விப்படாத ஒரு கம்ப்ரஷன் டூலைத் தேடிப் பிடித்து, அதன் சோர்ஸ் கோடை எடுத்து, அதை ஓடும் டூலாக மாற்றித் தரும் கம்பைலரில் நானே கம்பைல் செய்து, எல்லாக் கல்யாணத்தையும் அதில் அமுக்கி வைத்தேன். பிரமாதமாக அமுக்கும். அதை எழுதியவர் எப்போதோ கைகழுவிவிட்டார் என்பதுதான் குறை.

அண்ணனுக்கு இன்னொரு கொள்கை உண்டு. ஆயுத பூஜையன்று மிஷினுக்குச் சந்தனம், சாஃப்ட்வேருக்கு அப்டேட். அந்த வருஷம் கம்பைலரைப் புது வெர்ஷனுக்கு மாற்றினேன். கை சும்மா இருக்குமா? இன்னும் வேகமாக ஓடட்டும் என்று அந்த டூலையும் அதைக்கொண்டு மறுபடி பில்ட் செய்து, பழையதன் மேலேயே போட்டேன். கோடில் இருந்த ஓட்டைகளைப் பழைய கம்பைலர் பெருந்தன்மையாக விட்டு வைத்திருந்தது. புதியது விடவில்லை. சின்ன ஃபைலை ஒழுங்காகத் திறந்த டூல், கல்யாண சைஸ் ஃபைலைத் தொட்டதும் செத்து விழுந்தது.

பழைய கம்பைலரின் பேக்கப்பைத் தேடினேன். பத்திரமாக இருந்தது, அதே டூலில் அமுக்கப்பட்டு. பீரோ சாவியைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிய புத்திசாலி நான்தான். நெட்டில் இறக்கலாம் என்றால், தெருவில் குழி தோண்டியவர்கள் கேபிளையும் சேர்த்துத் தோண்டியிருந்தார்கள். போன் டேட்டாவில் இறக்க முயன்றேன். இறங்கி முடிய நாளைக்கு ஆகும் என்று காட்டியது.

2. சுருளிப்பட்டியிலிருந்து வந்தவர்கள்

அந்த நேரம் பார்த்து, நாங்கள் கல்யாணம் எடுத்துக் கொடுத்த சுருளிப்பட்டிப் பெண் பவித்ரா மாமியாருடன் வந்து நின்றாள். புருஷன் அமெரிக்காவில். கல்யாணம் முடிந்த கையோடு அவர் விமானம் ஏறிவிட, இவள் மாமியாரோடுதான் இருந்தாள். நாளை மறுநாள் சென்னையில் விசா இன்டர்வியூ. கல்யாணப் போட்டோ கேட்பார்களாம். பண்டிகைக் கூட்டத்தில் கிடைத்த ஒரே பஸ் அன்று சாயங்காலம். ஆல்பம் இன்னும் போடவில்லை. சொந்தக்காரர்கள் போனில் எடுத்த படங்களில் எங்கள் கேமராமேனின் முதுகுதான் தெரிந்தது.

விஷயத்தைச் சொன்னதும் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "அக்கா, இந்தத் தேதியே காத்துக் கெடந்து கெடச்சது. இத விட்டா அடுத்தது எப்பன்னு விசா ஆபீசுக்காரவுகளுக்கே தெரியாதாம்."

மாமியார் அசரவில்லை. "எதுக்குத்தா அழுகுற? மறுபடி எடுத்துட்டாப் போச்சு."

"மாப்பிள்ளை இல்லாமலா?" என்றேன்.

"கல்யாண ஃப்ளெக்ஸுல ஆளுயரத்துக்கு நிக்கிறான்ல? மாட்டுக் கொட்டத்து மேல போட்டு வச்சிருக்கோம். கழுவிக் கொண்டாரச் சொல்றேன். இவ பக்கத்துல நிக்கட்டும்."

அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார். "ஆத்தா, அதுல உங்க பங்காளிக பூராம் கூலிங்கிளாஸ் போட்டு நிக்கிறாக. பாக்குற ஆபீசர் கல்யாணம்னு நெனைக்க மாட்டாரு, கட்சி மாநாடுன்னு நெனப்பாரு."

3. தசமி

அப்போதுதான் மூலையில் இருந்த பழைய பில்லிங் கம்ப்யூட்டர் கண்ணில் பட்டது. காலையிலேயே மாலையும் எலுமிச்சம்பழமுமாகப் பூஜையில் உட்கார்ந்துவிட்டதால் நான் அதை அப்டேட் செய்யவில்லை. பில்களை அமுக்க அதிலும் அந்த டூலைப் போட்டிருந்தேன்; அதன் பழைய பில்ட் அதற்குள் உயிரோடு இருக்கிறது!

"தொடப்படாது," என்றார் அண்ணன். "பூசையில வச்சத விஜயதசமிக்குத்தான் எடுக்கணும். நானே கேமராவத் தொடாமத்தான இருக்கேன்?"

பவித்ரா மூக்கை உறிஞ்சினாள். அண்ணன் எழுந்துபோய், கண்ணாடியை ஏற்றி இறக்கி, தினசரி காலண்டர் தாளைப் படித்தார்.

"நவமி மத்தியானத்தோட முடிஞ்சிருச்சு. தசமி பெறந்து இம்புட்டு நேரமாச்சு, இங்கன சும்மா உக்காந்திருக்கோம்! சூடத்தப் பொருத்துங்க!"

மாமியார் சூடம் காட்ட, அண்ணன் மாலையைக் கழற்ற, நான் ஊக்கால் பவர் பட்டன் சந்தனத்தைச் சுரண்டினேன். கம்ப்யூட்டர் ஃபேன் சுற்றியதும் விபூதி பறந்து எல்லாரும் தும்மினோம். டூலைப் பென்டிரைவில் எடுத்து சர்வரில் போட்டேன். கல்யாணம் மொத்தமும் திறந்தது. பவித்ரா என்னைக் கட்டிக்கொண்டாள், அவள் முகமெல்லாம் விபூதி. பிரின்டருக்கும் ஒரு சூடம் காட்டி, படங்களைக் கையில் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டோம்.

கம்பைலரை மாற்றுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஓடுகிற டூலை அப்படியே, அமுக்காமல், வேறொரு இடத்தில் வைத்துவிட்டு மாற்றுங்கள். புது பில்டைச் சின்ன ஃபைலில் சோதித்து ஏமாறாதீர்கள்; இருப்பதிலேயே பெரிய கல்யாணத்தைத் திறந்து பாருங்கள்.

விசா கிடைத்து பவித்ரா போய்ச் சேர்ந்த பிறகு மாமியார் போன் செய்தார்.

"வீடே வெறிச்சுன்னு கெடக்கு, சண்ட போடக்கூட ஆளில்ல. ஒரு போட்டோ பெருசாப் போட்டுக் குடும்மா, செவுத்துல மாட்டணும்."

"தாலி கட்டுறது போடவா ஆத்தா?"

"வேணாம். அவ மட்டும் நிக்கிறதப் போடு. எம் மகன் மூஞ்சியத்தான் பொறந்ததுலருந்து பாக்குறேனே."