பாட்டி மேல் ஒரு புகார்

பாட்டிக்கு எதையும் நன்றாக இருக்கிறது என்று சொல்ல வராது. அதற்காக அவளைக் கோபித்துக்கொள்வதில் நியாயமில்லை. குறை கண்டுபிடிப்பதற்கென்றே மாதாமாதம் சம்பளம் வாங்கியவள் அவள்.

சட்டை தைக்கும் தொழிற்சாலையில், செக்கிங் மேசையில், பாதி ஆயுளை நின்றபடியே கழித்தாள். தைத்து முடித்த சட்டைகள் அவள் முன்னால் குவியலாக வந்து விழும். ஒவ்வொன்றாக விரித்து, காலரைத் தடவி, உள்பக்கத்தைப் புரட்டி, பொத்தானை இழுத்துப் பார்ப்பாள். தையல் எங்கே விட்டிருக்கிறதோ அங்கே சிவப்பு நிறத்தில் சின்னதாக ஓர் அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டுவாள். அம்பு வாங்கிய சட்டை, தைத்தவளிடமே திரும்பிப் போகும். குறையில்லாத சட்டையை ஒரு வார்த்தை பேசாமல் அடுத்த குவியலுக்குத் தள்ளிவிடுவாள். அது பெட்டிக்குள் போகும், பெட்டி லாரிக்குள் போகும், அவ்வளவுதான். நன்றாகத் தைத்திருக்கிறது என்பதற்காக ஒரு சட்டையைத் தூக்கிவைத்துக் கொஞ்சியவர் அந்தத் தொழிற்சாலையில் யாருமில்லை.

வேலையை விட்டு வந்த நாளில், மிச்சமிருந்த ஸ்டிக்கர் சுருள்களைச் சூப்பர்வைசர் அவள் கையிலேயே கொடுத்துவிட்டார்.

"வெச்சுக்குங்கக்கா. இது இல்லாம உங்களுக்குத் தூக்கம் வராது."

அவர் கேலிதான் செய்தார். பாட்டி அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டு பையில் போட்டுக்கொண்டாள்.

அன்றிலிருந்து வீடே செக்கிங் மேசையானது. மூன்றாவது மாடியில் இரண்டு அறையும் ஒரு சமையலறையும் கொண்ட வீடு. சரியாக மூடாத அலமாரிக் கதவில் ஓர் அம்பு. பால் பொங்கி வழிந்த அடுப்பு மூலையில் ஓர் அம்பு. ஒரு நாள் மருமகள் குளித்துவிட்டு வந்து பார்த்தால், அவளுடைய கைப்பையின் அறுந்த ஜிப்பின் மேல் ஓர் அம்பு இருந்தது. மருமகள் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். நாளெல்லாம் நோயாளிகளின் புலம்பலைக் கேட்டுப் பழகிய காது அவளுடையது.

"அத்தை, எனக்கு மட்டும் ஒண்ணுதானா? உங்க பையனுக்கு முதுகு பூரா ஒட்டலாமே?" என்றாள்.

"அவனுக்கு ஒட்டி ஸ்டிக்கர் தீந்துடுச்சுன்னா மத்தவங்களுக்கு நான் எங்க போறது?" என்றாள் பாட்டி.

ஆனால் பாட்டியின் உண்மையான உற்பத்தி சாயங்காலத்தில்தான். மூன்றரை மணிக்குப் பள்ளி வேனிலிருந்து பேத்தியும் பேரனும் இறங்கி வருவார்கள். பேத்திக்கு ஒன்பது வயது. வாய் ஓயாது என்பதால் வாயாடி. பேரனுக்கு ஆறு. ஒல்லியாக, தலை மட்டும் பெரிதாக இருப்பதால் குண்டூசி. இரண்டு பெயரும் பாட்டி வைத்தவை.

வாசலிலேயே நிறுத்திவிடுவாள். "கையைக் காட்டு. திருப்பு. காதைக் காட்டு. இது காதா, தோட்டமா? விதை போட்டா முளைக்கும்போல."

காதுக்கு ஓர் அம்பு. மை கொட்டிய பைக்கு ஓர் அம்பு. பாதி தின்று மிச்சம் கொண்டுவந்த ரொட்டிக்கு ஓர் அம்பு.

"பாட்டி, அவனுக்கு நாலு, எனக்கு ரெண்டுதானா? என் முட்டிய நீ பாக்கவே இல்ல. விழுந்து சிராய்ச்சிருக்கு, பாரு!" என்று வாயாடி சண்டைக்கு நிற்பாள்.

"வெட்கங்கெட்ட கழுதை. சிராய்ப்பைக் காட்டிப் பெருமையா?" என்று திட்டிக்கொண்டே பாட்டி முட்டியைக் கழுவி மருந்து போடுவாள். பிறகு அதன் பக்கத்தில், வலிக்காத இடமாகப் பார்த்து, மூன்றாவது அம்பை ஒட்டுவாள்.

இதற்குப் பிறகு பால், பழம், சண்டை, ஒருவர் தலைமயிரை ஒருவர் பிடித்தல், பஞ்சாயத்து, பாட்டி மடியில் யார் தலைவைப்பது என்று மறுபடி சண்டை. எல்லாம் முடிந்து மகன் வீட்டுக்குள் காலை வைத்ததும் பாட்டி ஆரம்பிப்பாள்.

"இன்னிக்கு இதுங்க பண்ணுனது தெரியுமாடா? சோபா மெத்தையெல்லாம் தரையில. செருப்பு ஒண்ணு சமையல் மேடையில. என் உயிரே போயிடுச்சு. இதுங்களைக் கட்டி மேய்க்க நான் ஆளில்லப்பா, என்னை விட்டுடு."

தினமும் இதே பாட்டுத்தான். கேட்டுக் கேட்டு மருமகளுக்குக் காது புளித்துவிட்டது. பிள்ளைகளுக்கு அது சாப்பாட்டு மணி. "உயிர் போயிடுச்சு" என்று பாட்டி சொன்னால் தட்டு வைக்க வேண்டும் என்று குண்டூசிக்குத் தெரியும்.

மகனுக்கு மட்டும் தெரியாது. அவன் லிஃப்ட் மெக்கானிக். அவனுடைய பிழைப்பில் புகார் என்றால் புகார்தான். கதவு மூடவில்லை என்று போன் வந்தால், போனவன் கதவை மூட வைத்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும். புகார் கொடுத்தவருடைய மனசுக்குள் என்ன ஓடுகிறது என்று ஆராய்வது அவன் வேலையில் சேர்த்தி இல்லை. தாய் குறை சொல்வதற்கென்றே பிறந்தவள், மகன் குறை தீர்ப்பதற்கென்றே பிறந்தவன். இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்தால் என்ன ஆகும் என்பதை யாராவது முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் டீயை உறிஞ்சியபடி சொன்னான்.

"அம்மா, உன் பிரச்சினைய முடிச்சுட்டேன்."

"எனக்கென்னடா பிரச்சினை?"

"பசங்கதான். நாளையிலேருந்து பள்ளிக்கூடம் விட்டதும் வேன் நேரா டேகேர்ல இறக்கிடும். ஆறு மணிக்கு நானே கூட்டிட்டு வர்றேன். நீ நிம்மதியா காலை நீட்டிப் படு."

பாட்டி மறுத்துச் சொல்ல வாயைத் திறந்தாள். தினமும் சாயங்காலம் தான் பாடிய பாட்டெல்லாம் வரிசையில் வந்து குறுக்கே நின்றன. உயிர் போகிறது என்று சொன்னவளே இப்போது வேண்டாம் என்றால் எப்படி?

"கடைசியில இப்பவாவது உனக்குத் தோணுச்சே" என்றாள், முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு.

மருமகள் மட்டும் அந்த முகத்தை ஒரு கணம் பார்த்தாள்.

திங்கட்கிழமை பாட்டி காலை நீட்டிப் படுத்தாள். மின்விசிறி சுற்றியது. குளிர்சாதனப் பெட்டி உறுமிவிட்டு நின்றது. மூன்றரை மணிக்கு வேன் வராத சத்தம் கேட்டது. எழுந்து போய் அலமாரியைத் திறந்தாள். தலையணை உறைகளை எடுத்து ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள். தையல் எல்லாம் சரியாக இருந்தது. தலையணை உறை மேல் இவ்வளவு எரிச்சல் அவளுக்கு அதற்கு முன் வந்ததில்லை.

ஆறு மணிக்குப் பிள்ளைகள் வந்தார்கள். கண்கொத்திப் பாம்பாக வாசலில் காத்திருந்தவள் காதைப் பிடித்துத் திருப்பினாள். காது சுத்தம். கை சுத்தம். வீட்டுப்பாடம் முடிந்திருந்தது. தலைகூட வாரி விட்டிருந்தார்கள். ஒட்டுவதற்கு இடமில்லாமல் ஸ்டிக்கர் அவள் விரல் நுனியிலேயே நின்றது.

"அங்க ஒரு ஆன்ட்டி இருக்காங்க பாட்டி, திட்டவே மாட்டாங்க" என்றான் குண்டூசி.

பாட்டி அந்த ஆன்ட்டியைப் பார்க்காமலேயே வெறுத்தாள்.

சரி, நேராகக் கேட்கத்தான் முடியாது, தெரிந்த தொழிலைச் செய்யலாமே என்று முடிவு செய்தாள். அடுத்த சில நாள் டேகேரைப் பிரித்து மேய்ந்தாள். அங்கே கொடுக்கிற பால் தண்ணியாம். ஜன்னலுக்கு வலை இல்லையாம். விளையாட இடம் கைக்குட்டை அளவுதானாம். எல்லாமே வாயாடியிடம் துருவித் துருவிக் கேட்டுப் பொறுக்கியவை.

"அப்படியாம்மா?" என்று மகன் அக்கறையாகக் கேட்டுக்கொண்டான். அவள் மனசுக்குள் பச்சை விளக்கு எரிந்தது. இன்னும் இரண்டு நாள். பையன் வழிக்கு வந்துவிடுவான்.

வந்தான். "நீ சொன்னது நூத்துக்கு நூறு சரிம்மா. வேற இடம் பாத்துட்டேன். பெரிய மைதானம், நீச்சல் குளம், பாட்டு, படம் வரையறது எல்லாம் இருக்கு. ராத்திரிச் சாப்பாடும் அங்கேயே. ஏழரைக்கு அவங்களே கொண்டுவந்து விட்டுடுவாங்க. ஒண்ணாம் தேதியிலேருந்து."

மருமகளுக்குப் புரையேறியது. தண்ணீர் குடிக்கப் போவதுபோலச் சமையலறைக்குள் ஓடினாள். அங்கிருந்து அவள் சிரித்தாளா இருமினாளா என்பது பாட்டிக்குப் பிடிபடவில்லை.

பாட்டி ஆடிப்போனாள். முதலில் வாயைத் திறந்ததில் ஆறு மணி வரை போச்சு. மறுபடி திறந்ததில் ஏழரை வரை போச்சு. அதற்குமேல் புகார் சொன்னால் பிள்ளைகளை விடுதியிலேயே சேர்த்துவிடுவான், அவன் செய்யக்கூடியவன்தான். ஆகவே வாயை மூடிக்கொண்டாள்.

வீட்டுக்குள் ஒரு பயங்கரம் புகுந்தது.

"அம்மா, சாப்பாடு எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு."

மகன் கரண்டியைக் கீழே வைத்தான். மருமகள் வேண்டுமென்றே உப்புப் போடாமல் பார்த்தாள். அதுவும் நல்லாத்தான் இருந்தது. குண்டூசி ஈரச் செருப்போடு படுக்கையில் ஏறி நின்று பாட்டியைப் பார்த்தான். பாட்டி அவனைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். குண்டூசி இறங்கிப் போய் அக்காவின் பின்னால் ஒளிந்துகொண்டான்.

மருமகள் கடையிலிருந்து ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியைக் கொண்டுவந்தாள். அழுத்தம் சரியாக இருந்தது. "டாக்டர்கிட்ட போலாமாம்மா?" என்று மகன் கேட்டான். "போலாம்ப்பா" என்றாள் பாட்டி. டாக்டரைப் பற்றிக்கூட ஒரு குறையும் சொல்லவில்லை. மகனுக்கு முகமே வெளுத்துவிட்டது.

புது இடத்துக்குப் போவதற்கு முந்தின நாள் சாயங்காலம். டேகேரிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிவந்த மகன் சீருடையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தான். மருமகளுக்கு அன்று கடை விடுமுறை, துணி மடித்துக்கொண்டிருந்தாள். பாட்டி நாற்காலியில், ஜன்னலைப் பார்த்தபடி. வாயாடி உள்ளேயிருந்து வந்தாள், நேராகப் பாட்டியிடம் போனாள், தோளில் எதையோ அழுத்தி ஒட்டினாள். பிறகு அப்பாவுக்கு எதிரில் போய் நின்றாள்.

"அப்பா, ஒரு புகார்."

பழக்கதோஷம். அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "என்ன புகார்?"

"பாட்டி ஓடல."

"ஓடலைன்னா?"

"பழுது."

"சத்தம் ஏதாவது வருதா?" என்று கேட்டுவிட்டான். கேட்ட பிறகுதான், தான் யாரைப் பற்றிக் கேட்கிறோம் என்பது அவனுக்கு உறைத்தது.

"சத்தமே வரல. அதான் புகார்."

"எப்போலேருந்து?"

"நீ புது இடம்னு சொன்னதுலேருந்து. அதுக்கு முன்னாடியே கொஞ்சம் கொஞ்சமா. நாங்க டேகேருக்குப் போன அன்னிலேருந்தே சரியில்ல." மூச்சு வாங்கிக்கொண்டாள். "அம்பு ஒட்டுனா எங்கேருந்து வந்துச்சோ அங்கேயே திருப்பி அனுப்பணும். பாட்டிதான் சொல்லியிருக்காங்க. அதனால பாட்டியை முன்னாடி இருந்த மாதிரியே திருப்பி விடு."

மகன் மகளைப் பார்த்தான். மனைவியைப் பார்த்தான். அவள் மடித்த துணியை மறுபடி பிரித்து மடித்துக்கொண்டிருந்தாள்.

"உனக்குத் தெரியுமா?" என்றான்.

"மூணு மாடிக்கும் தெரியும்" என்றாள் அவள். "லிஃப்ட் மெக்கானிக்குக்குத்தான் தெரியல."

அவன் எழுந்து நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தான். "ஏம்மா, பசங்க வீட்டுல இருக்கறது உனக்குத் தொந்தரவு இல்லையா?"

"தொந்தரவுதான்" என்றாள் பாட்டி.

"அப்போ அங்கேயே அனுப்பிடட்டுமா?"

ஒரே ஒரு சின்ன வார்த்தைதான் தேவை. எத்தனையோ ஆயிரம் சட்டைகளை விரித்துப் பார்த்தவளுக்கு அந்த வார்த்தையை எந்த மடிப்பில் வைத்தோம் என்று தெரியவில்லை. தோளைத் திருப்பி ஸ்டிக்கரைப் பார்த்தாள்.

"ஏய் வாயாடி, இங்க வா. எத்தனை வாட்டி சொல்லிக்கொடுத்திருக்கேன்? குறை எங்க இருக்கோ அங்கதான் அம்பு காட்டணும். தோள்ல ஒட்டியிருக்கியே, தோள்ல என்ன குறை?"

"பின்ன எங்க ஒட்டறது?"

பாட்டி அம்பை உரித்தெடுத்தாள். பிறகு தன் வாய்க்குப் பக்கத்தில், கன்னத்தில், தானே ஒட்டிக்கொண்டாள்.

"வீட்டுக்கே வரட்டும்டா" என்றாள். குரல் தையல் விட்ட மாதிரி இருந்தது. "எனக்கு வேணும்."

குண்டூசி ஓடிவந்து மடியில் ஏறினான். ஏறும்போதே முழங்கையால் அவள் விலாவில் இடித்தான். "அடப்பாவி, எலும்பை உடைச்சுட்டான்" என்று பாட்டி கத்தினாள். வீடே மூச்சு விட்டது.

மறுநாள் மூன்றரைக்கு வேன் வீட்டு வாசலிலேயே வந்து நின்றது. நாலு மணிக்கு மருமகள் கடையிலிருந்து போன் செய்தாள்.

"என்ன அத்தை, நிலவரம் எப்படி?"

"என்னத்தைச் சொல்ல! பையன் காதுல ஒரு கூடை மண்ணு. இவ சீருடையில பாதி மை. மெத்தையெல்லாம் தரையில. குளியலறையில குழாயைத் திறந்துவிட்டு ரெண்டும் என்னமோ பண்ணுதுங்க. என் உயிரே போயிடுச்சும்மா!"

"ஐயையோ. அவர்கிட்ட சொல்லட்டுமா?"

பாட்டி பதறிப்போய் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அவன்கிட்ட எதுக்குடி சொல்ற? ஏதாவது சரி பண்ணித் தொலைச்சுடப் போறான்!"