ஓணான் அறைக்குள் போன அங்கீட்டி

தொண்ணூறுகளின் நடுவில், டெல்லியில், ஜனவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நடந்தது இது. அப்போது நான் ஒரு கல்லூரியின் விலங்கியல் பிரிவில் பிராணிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். கூண்டு கழுவுவது, தீனி போடுவது, அறையைத் துடைப்பது. தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பேன், அவ்வளவுதான் என் படிப்பு. ஆனால் என் கையில் ஒப்படைத்த பிராணி ஒருநாள் பட்டினி கிடந்தது என்று யாரும் சொல்ல விட்டதில்லை.

ஓணான் குஞ்சுகள் என் பொறுப்பு. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி அவற்றை வைத்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். மழைக்காலத்தில் பொரிக்கிற குஞ்சு அடுத்த கோடையில்தான் பருவத்துக்கு வருமாம். பருவத்துக்குக் கொண்டுவருகிற ஹார்மோனை முன்கூட்டியே ஊசியில் ஏற்றினால் சீக்கிரம் வந்துவிடுமா என்று பார்க்கிறாள். ஆண் குஞ்சு என்றால் தொண்டை சிவக்கும், தலையை ஆட்டி ஆட்டி மற்றதை மிரட்டும். அதுதான் அடையாளம் என்று எனக்கும் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

"வயசுக்கு வந்துட்டா மஞ்சத்தண்ணி ஊத்தணுமே கண்ணு, தாய்மாமனுக்கு எங்க போறது?" என்பேன்.

"சீர்த்தட்டு நீங்கதாம்மா தூக்கிட்டு வரணும்" என்று சிரிப்பாள்.

ஒரே தொல்லை குளிர். ஓணானுக்கு உடம்பு சில்லிட்டுப் போனால் இரையும் இறங்காது, ஏற்றின மருந்தும் வேலை செய்யாது. அதனால் ஒவ்வொரு கூண்டுக்கு மேலும் ஒரு குண்டு பல்பு எரிந்துகொண்டே இருக்கும்.

அன்றைக்கு நான் போனபோது பனிமூட்டத்தில் கட்டடமே தெரியவில்லை. விடியற்காலையிலேயே கரண்ட் போயிருந்தது. குஞ்சுகள் குச்சியைப் பிடித்தபடி மரக்கட்டையாய் ஒட்டிக் கிடந்தன. அந்தப் பெண் ஒன்றைக் கையில் பொத்தி ஊதிக்கொண்டு நின்றாள். கண்ணெல்லாம் தண்ணீர். "இதுங்க போச்சுன்னா திரும்ப அடுத்த மழைக்குத்தாம்மா குஞ்சு. எங்க வீட்டுல அதுவரைக்கும் விடமாட்டாங்க, கல்யாணம் பண்ணிருவாங்க" என்றாள்.

"அழுதா சூடு வந்துருமா? இரு, டீக்கடையில சுடுதண்ணி வாங்கியாறேன். பாட்டில்ல ஊத்திக் கூண்டுக்குள்ள வைப்போம்" என்று சொல்லிவிட்டு வாளியோடு கிளம்பினேன்.

கடையில் அடுப்பு அப்போதுதான் பற்றிக்கொண்டிருந்தது. தண்ணீர் கொதிக்க வெகுநேரமாயிற்று. திரும்பி வருகையில் வாசலில் காவல் இருக்கும் சௌகிதார் கையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தான். "தேகோ அம்மாஜி, ஓணானுக்கு என் அங்கீட்டி, எனக்கு வெறும் பனி" என்று ஹிந்தியில் கிண்டல் அடித்தான். குளிர்காய அவன் வெளியே கனிய வைத்திருந்த கரியடுப்பை ஓணான் மேடம் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டாராம். நல்ல யோசனைதான் என்றுகூட நினைத்தேன்.

அறைக் கதவு சாத்தியிருந்தது. மேல்பாதியில் கண்ணாடி. உள்ளே பார்த்தேன். அந்தப் பெண் மேசைமேல் தலையைச் சாய்த்திருந்தாள். கன்னம் இரண்டும் ரோஜா நிறத்தில் சிவந்து அப்படி ஒரு அழகு. பாவம், எத்தனை நாள் தூக்கமோ, குளிருக்கு இதமாகக் கண் அசந்துவிட்டது, எழுப்ப வேண்டாம் என்று வாளியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தேன்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்தது. கூண்டுகளின் பல்பெல்லாம் பளிச்சென்று எரிந்தன. அவள் தலைக்கு நேர் மேலே டியூப்லைட் விட்டு விட்டு மின்னிப் பற்றிக்கொண்டது. காலையிலிருந்து அந்த வெளிச்சத்துக்காகத் தவித்தவள் தலையைத் தூக்கவில்லை.

அப்போதுதான் கீழே பார்த்தேன். கதவிடுக்கில் அவளுடைய சால்வையை உள்ளிருந்து திணித்திருந்தாள்.

எங்கள் குடியிருப்பில் அங்கீட்டியை உள்ளே எடுத்தால் கதவை ஒருக்களித்துத்தான் வைப்போம். கரி கனிந்து புகை அடங்கின பிறகும் அதிலிருந்து விஷக்காற்று வரும். கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. டெல்லிக் குளிரில் அடிபட்டவர்களுக்கு அது தெரியும். தஞ்சாவூர்ப் பெண்ணுக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

கதவை உலுக்கினேன், தாழ் போட்டிருந்தது. கத்தினேன். சௌகிதார் ஓடி வந்தான். "சாவி ஆபீசில் இருக்கிறது, சாகிபைக் கேட்டுவிட்டு…" என்று இழுத்தான். உள்தாழுக்குச் சாவி என்னடா செய்யும்! வாளித் தண்ணீரைக் கொட்டிவிட்டு வாளியாலேயே கண்ணாடியை அடித்தேன். முதல் அடிக்கு விரிசல்தான் விட்டது. இரண்டாவதில் கொட்டியது. கையை உள்ளே விட்டுத் தாழைத் தேடினேன். முழங்கை கிழிந்தது அப்போது தெரியவில்லை.

இரண்டு பேருமாக அவளைத் தாழ்வாரத்துக்கு இழுத்து வந்தோம். உடம்பு துவண்டு கிடந்தது. கன்னத்தில் தட்டுகிறேன், பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேன், அசைவில்லை. பெற்றவளுக்கு என்ன பதில் சொல்வேன் என்று எனக்குள் ஓடியது. சௌகிதார் "ராம் ராம்" என்று முனகிக்கொண்டே அவள் உள்ளங்காலைத் தேய்த்தான். நெடுநேரம் கழித்து ஒரு இருமல். பிறகு வாந்தி. பிறகு கண்ணைப் பாதி திறந்து என்னைப் பார்த்துக் கோபமாகச் சொன்னாள்: "கதவை ஏம்மா தொறந்தீங்க? சூடெல்லாம் போயிரும்."

நான் அழுததை அந்த சௌகிதார் பார்த்துவிட்டான். அதற்கு முன்னும் பின்னும் டெல்லியில் எவனும் பார்த்ததில்லை.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், மறுநாள்தான் அவளை விட்டார்கள். குஞ்சுகளில் சில செத்தன, பல பிழைத்தன. ஊசி போட்டவற்றில் இரண்டு ஆண் குஞ்சுகளுக்கு மாசி பிறப்பதற்குள் தொண்டை சிவந்தது. அவள் என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள். கண்ணாடியை யார் உடைத்தது என்று ஆபீசில் விசாரித்தார்கள். நான்தான் என்று நிமிர்ந்து நின்று சொன்னேன்.

இப்போதும் வீட்டில் யாராவது அசந்து தூங்கினால் ஒருமுறை பெயர் சொல்லி எழுப்பிப் பார்த்துவிட்டுத்தான் நகர்வேன். பேரப்பிள்ளைகள் எரிந்து விழுகிறார்கள். விழட்டும், எரிந்து விழ மூச்சு இருக்கிறதே, அது போதும் எனக்கு.