நின்று வாசிக்க வராத மெட்டு

ரெக்கார்டிங் அன்று இருந்தவர்கள் இவர்கள். பியானோவில் வீட்டுக்கார அம்மா. ஆல்பம் அவருடையது. ஆள் உயர பேஸ் வாத்தியத்தோடு ஒரு நார்வேக்காரர். பெரிய சுரைக்குடுக்கையில் கம்பி கட்டிய வாத்தியத்தோடு ஒரு செனகல் நாட்டுக்காரர். பக்கத்து அறையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ரெக்கார்டிங் சார். கிளாரினெட்டோடு நான். வெளியே கேட்டுக்குப் பக்கத்தில், என்னை வண்டியில் கொண்டுவந்து இறக்கிய என் கூட்டாளி. எங்கள் பேண்டு செட்டில் பெரிய டிரம் அடிப்பவன். அவனை உள்ளே விடவில்லை. அவனுக்கு இருமல்.

எங்கள் செட் தாம்பரத்தில். மார்க்கெட் பக்கம் ஒரு கடை, மேலே ஒரு போர்டு, போர்டில் போன் நம்பர். கல்யாண ஊர்வலம், கோயில், சர்ச், சாவு, எல்லாவற்றுக்கும் போவோம். எனக்குப் படிப்பு ஏறவில்லை. பதினாறு வயதில் கிளாரினெட் பிடித்தேன். இப்போது ஐம்பத்தெட்டு.

இத்தனை வருஷத்தில் என் சத்தம் எதிலும் பதிவானதில்லை. கல்யாண வீடியோவில் நான் இருப்பேன். கன்னம் உப்பும், விரல் ஓடும். ஆனால் வீடியோக்காரர் எங்கள் சத்தத்தை எடுத்துவிட்டு சினிமாப் பாட்டைப் போட்டிருப்பார். சாவு வீட்டு வீடியோவை யாரும் திரும்பப் போட்டுப் பார்ப்பதில்லை. இதையெல்லாம் நான் பெரிதாக நினைத்ததுமில்லை. பல் ஆடத் தொடங்கிய பிறகுதான் நினைத்தேன்.

மேல் வரிசையில் முன்பல் இரண்டு. கிளாரினெட் வாயில் நிற்பதே அந்த இரண்டின் மேல்தான். குரோம்பேட்டையில் ஒரு பல் டாக்டரிடம் காட்டினேன். ஈறு போய்விட்டது, இரண்டையும் எடுக்க வேண்டும் என்றார்.

"எடுத்துட்டு வேற பல்லு வெச்சா வாசிக்கலாமா டாக்டர்?"

"சாப்பிடலாம்" என்றார்.

கொஞ்ச நாள் கழித்து வருகிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் பியானோ வாசிக்கிற அந்த அம்மா கடைக்கு வந்தார். அவருடைய அத்தை இறந்தபோது அஸ்தினாபுரத்தில் நாங்கள்தான் வாசித்தோம். வீட்டிலிருந்து கல்லறை வரைக்கும் நடை. வண்டிக்கு முன்னால் செட் போகும். அப்போது வாசிக்க ஒரு மெட்டு வைத்திருக்கிறேன். யாரும் சொல்லித் தந்ததில்லை. ஒரு சர்ச் பாட்டும் ஒரு ஒப்பாரியும் ஒட்டிக்கொண்டு எப்படியோ வந்தது. நாலு காலடிக்கு ஒரு மூச்சு. மெதுவாகப் போகும்.

"அண்ணா, அன்னிக்கு நடந்துகிட்டே வாசிச்சீங்களே, அதை என் ஆல்பத்துல வாசிப்பீங்களா?"

"அது சாவுக்கு வாசிக்கிறதும்மா."

"தெரியும்ணா. அத்தைக்குப் பின்னாடி நடந்துதானே கேட்டேன்."

சரி என்றேன். பல்லைப் பற்றிச் சொல்லவில்லை.

அவர் ஒரு நாள் வீட்டுக்குக் கூப்பிட்டு நாலைந்து ஆல்பம் போட்டுக் காட்டினார். எல்லாம் ஜாஸ். ஆனால் ஒன்றில் வீணை வந்தது. ஒன்றில் அரபு நாட்டு வாத்தியம் வந்தது. ஒன்றில் யாரோ பானையைத் தட்டினார்கள். எனக்கு அதெல்லாம் ஆச்சரியமாக இல்லை. செட்டில் நாங்களும் கையில் கிடைத்ததை வைத்துத்தான் வாசிக்கிறோம். வேறொன்று ஆச்சரியமாக இருந்தது. வாசிக்கிறவர் மூச்சு இழுப்பது கேட்டது. வில்லில் இருக்கிற முடி கம்பியில் உரசுவது கேட்டது. ஒருவர் நாற்காலியில் அசைந்து உட்கார்ந்தார், அதுவும் கேட்டது. எங்கள் வேலையில் வாசிப்பவனின் மூச்சு யாருக்கும் கேட்காது. ஜெனரேட்டர் கேட்கும்.

வெளியே வந்ததும் கூட்டாளி கேட்டான்.

"ஜாசுன்னா இன்னாடா மச்சான்?"

"எல்லாரும் சேந்து ஆரம்பிக்கிறாங்க. நடுவுல ஆளுக்கு ஒரு பக்கம் போறாங்க. அப்பால வந்து சேந்துக்கிறாங்க."

"நம்ம செட்டு தாண்டா அது. சரக்கு உள்ள போச்சின்னா."

ரெக்கார்டிங் அந்த அம்மா வீட்டிலேயே. பீர்க்கன்கரணையில், ஏரிக்குப் பக்கம். பழைய வீடு, உயரமான கூரை. அந்த அறையின் சத்தம் அவர்களுக்குப் பிடித்திருந்ததாம். மே மாசம். பேன் கூடாது, ஏசி கூடாது, பிரிட்ஜையும் நிறுத்தியிருந்தார்கள். சட்டை முதுகில் ஒட்டியது.

சார் முதலிலேயே சொல்லிவிட்டார்.

"எல்லாரும் ஒரே ரூம்ல, ஒரே நேரத்துல வாசிக்கணும். ஒருத்தர் சத்தம் இன்னொருத்தர் மைக்ல விழும். அதனால அப்புறமா எதையும் வெட்டி ஒட்ட முடியாது. ஒருத்தர் தப்பு பண்ணா எல்லாரும் மறுபடி வாசிக்கணும். எக்கோ சேர்க்க மாட்டேன். நீங்க வாசிக்கிறது அப்படியே இருக்கும்."

அப்படியே இருக்கும் என்பது எனக்குப் பிடித்தது.

ஆரம்பித்தோம். கொஞ்ச நேரத்தில் சார் பக்கத்து அறையிலிருந்து வந்து கையைத் தூக்கினார்.

"அண்ணா, கால் சத்தம் வருதே."

நான் நடந்துகொண்டிருந்தேன். நின்ற இடத்திலேயே. எனக்கே தெரியவில்லை.

நின்று வாசித்துப் பார்த்தேன். மெட்டு வரவில்லை. மூச்சு எங்கே எடுப்பது என்று தெரியவில்லை. வேறு பாட்டெல்லாம் மணிக்கணக்கில் நின்று வாசித்திருக்கிறேன். இதை நின்று வாசித்ததே இல்லை. அந்த அம்மா உள்ளே போய் ஒரு பஞ்சு மெத்தையை இழுத்துவந்து தரையில் போட்டார்.

"இது மேல நடங்கண்ணா."

வெளியிலிருந்து ஜன்னல் வழியாகக் கூட்டாளியின் குரல் வந்தது. "இன்னாடா, பர்ஸ்ட் நைட்டா?"

சார் ஜன்னலைச் சாத்தினார். அறை இன்னும் காய்ந்தது.

மெத்தையில் நடப்பது ஏரிச் சேற்றில் நடப்பது போல இருந்தது. முட்டி வலித்தது. ஆனால் மெட்டு வந்தது. ஒரு தடவை வாசிப்பதை டேக் என்றார்கள். அந்த டேக்கின் பாதியில் ஏர்போர்ஸ் விமானம் ஒன்று தலைக்கு மேல் போனது. அது வீண்.

அடுத்த டேக்கில் நான் நிறுத்தவில்லை. மெட்டு இரண்டு சுற்று, பிறகு அந்த அம்மா தலையசைப்பார், அதோடு முடிக்க வேண்டும் என்று பேச்சு. நான் கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கிறவன். மூன்றாவது சுற்றில் கண்ணைத் திறந்தால் எல்லாரும் வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்க்கிறார்கள்.

தெருவில் செட் போகும்போது முன்னால் இருப்பவனுக்குப் பின்னால் நடப்பது தெரியாது. பஸ் குறுக்கே வரும், வண்டி நிற்கும், மாலை போட யாராவது வருவார்கள். நாங்கள் பாட்டுக்கு வாசித்துக்கொண்டே இருப்போம். பெரிய டிரம் இரண்டு தட்டு தட்டினால்தான் நிறுத்துவோம். அதுவரைக்கும் சுற்றிச் சுற்றி வரும். நானாக எந்தப் பாட்டையும் நிறுத்தியதே இல்லை. நிறுத்துவது கூட்டாளியின் வேலை.

மூன்றாவது டேக்கில் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு வாசித்தேன். தலையசைத்தார், நிறுத்தினேன். சுத்தமாக இருந்தது. சார் கட்டை விரலைக் காட்டினார். போட்டுக் கேட்டோம். பிழை இல்லை. யாரோ வாசித்தது போல இருந்தது.

அப்போது செனகல்காரர் தன் உதட்டைத் தொட்டு என்னிடம் காட்டினார். நான் என் உதட்டைத் துடைத்தேன். ரத்தம்.

அந்த அம்மா பயந்துவிட்டார். பல்லைப் பற்றிச் சொன்னேன்.

"ஏண்ணா முதல்லயே சொல்லல? இதுவே போதும். இதையே வெச்சுக்கலாம்."

"இது வேணாம்மா. இன்னொரு தபா வாசிக்கிறேன். அதுக்கு மேல பல்லு நிக்காது."

"வலிக்கலையா?"

"வலிக்குது."

அவர் மற்றவர்களிடம் இங்கிலீஷில் ஏதோ பேசினார். நார்வேக்காரர் வில்லை எடுத்துக்கொண்டார்.

கண்ணை மூடினேன். முதல் சுற்று போனது. பேஸ் அடியில் நடந்து வந்தது, வண்டிக்குப் பின்னால் வருகிறவர்கள் மாதிரி. இரண்டாவது சுற்றில் குடுக்கை வாத்தியம் மெட்டை விட்டு எங்கேயோ போய்விட்டு, நான் மூச்சு எடுக்கிற இடத்தில் திரும்பி வந்து நின்றது. அந்த அம்மா அப்போது தலையசைத்திருப்பார். நான் பார்க்கவில்லை. மூன்றாவதுக்குப் போனேன். இந்தத் தடவை அவர்கள் வாத்தியத்தை வைக்கவில்லை, என்னோடு வந்தார்கள். நாலாவது. பல் வாய்க்குள் திரும்பியது. உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டேன். நிறுத்த வேண்டும் என்று தெரிந்தது. எப்படி என்று தெரியவில்லை. அதற்கு மேல் ஊதினால் சத்தம் உடைந்துவிடும், உடைந்தால் எல்லாம் போச்சு.

அப்போது வெளியே இரும்பு கேட்டில் இரண்டு தட்டு விழுந்தது. டம், டம்.

நின்றேன். காலடியும் அங்கேயே நின்றது. என்னோடு எல்லாரும் நின்றார்கள். கேட்டின் சத்தம் அந்த உயரக் கூரையில் கொஞ்ச நேரம் இருந்து, போனது.

கிளாரினெட்டை வாயிலிருந்து எடுத்தேன். பல் ஒன்று கூடவே வந்தது.

சார் வெளியே ஓடினார்.

"யாரு கேட்டைத் தட்டினது?"

"நான்தான் சார்" என்றான் கூட்டாளி. "இல்லாங்காட்டி நிறுத்த மாட்டான் சார். ஏரியச் சுத்திப் போய்கினே இருப்பான்."

"ரெக்கார்டிங் நடக்குதுன்னு தெரியாதா உங்களுக்கு? எல்லா மைக்லயும் விழுந்திருக்கு. டேக்கே போச்சு!"

"இன்னா சார் போச்சு? கரெக்டாத்தான சார் தட்னேன். கேட்டுப் பாருங்க."

அவர்கள் கேட்டுப் பார்த்தார்கள். நான் கேட்கவில்லை. வாயில் துணியை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மா வந்து ஐஸ் கொடுத்தார்.

"எதை வைக்கிறதுன்னு இன்னும் முடிவு பண்ணலண்ணா. சார் மூணாவதை வைக்கலாம்ங்கிறாரு."

"சரிம்மா."

வேறென்ன சொல்வது. மூன்றாவதை வைத்தால் அதில் இருப்பது நான் இல்லை. நாலாவதில் கேட் இருக்கிறது. திரும்ப வாசிக்க வாய் இல்லை.

மறுநாள் டாக்டர் இன்னொரு பல்லையும் எடுத்தார். செட்டில் இப்போது ஜால்ரா பிடிக்கிறேன். கிளாரினெட்டை எங்கள் செட்டில் இன்னொருவர் வாசிக்கிறார். நன்றாகத்தான் வாசிக்கிறார். சாவுக்குப் போகும்போது அந்த மெட்டை யாரும் வாசிப்பதில்லை. நான் கேட்கவுமில்லை. வெயிலில் நடந்துவிட்டு வந்தால் படுக்கத்தான் தோன்றுகிறது.

மழைக்காலம் முடிந்து போன் வந்தது. ஆல்பம் வெளியாகிவிட்டது, போனிலேயே கேட்கலாம் என்றார் அந்த அம்மா. எந்த டேக் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் நின்று கூட்டாளியின் போனில் போட்டோம். ஆரம்பத்தில் ஏதோ கொசு பாடுவது போலக் கேட்டது. செங்கல்பட்டு பஸ்காரர் ஹாரனை அழுத்திக்கொண்டிருந்தார். போனை என் காதில் ஒரு பக்கமும் அவன் காதில் ஒரு பக்கமும் வைத்துப் பார்த்தோம்.

"ஒண்ணும் கேக்கல மச்சான். இதுக்காடா பிரிட்ஜெல்லாம் நிறுத்துனாங்க?"

"வா, அவங்க வூட்டுக்கே போலாம்."

பீர்க்கன்கரணைக்குப் போனோம். அந்த அம்மா பெரிய ஸ்பீக்கரில் போட்டார். அவனையும் உள்ளே விட்டார். அவன் இருமலை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தான்.

முதலில் மெத்தைச் சத்தம் வந்தது. மெத்தென்று ஒரு அடி, இன்னொரு அடி. பிறகு ஒரு மூச்சு. என்னுடையது. என் மூச்சை வெளியில் இருந்து நான் கேட்டது அப்போதுதான். கிழவன் மூச்சு. பிறகு மெட்டு. ஒரு சுற்று, இரண்டு சுற்று. மூன்றாவது சுற்று ஆரம்பித்ததும் எந்த டேக் என்று தெரிந்துவிட்டது. கூட்டாளி என் தொடையைப் பிடித்தான்.

கடைசியில் டம், டம். அது அடங்கும்வரை அப்படியே விட்டிருந்தார்கள்.

"சார் வேணாம்னுதான் சொன்னாரு" என்றார் அந்த அம்மா. "ஒரு வாரம் திரும்பத் திரும்பக் கேட்டுட்டு, அவரே இதுதான்னுட்டாரு. அந்தத் தட்டு இல்லன்னா நீங்க ஏன் நின்னீங்கன்னே தெரியாதுண்ணா."

"என் பேரு போட்டுகிறீங்களா மேடம்?" என்றான் அவன்.

"போட்டிருக்கேன்ணா." போனில் காட்டினார். வாசித்தவர்கள் பெயரெல்லாம் வரிசையாக இருந்தது, பக்கத்தில் அவரவர் வாத்தியம். கடைசியில் அவன் பெயர். பக்கத்தில் இரும்பு கேட் என்று போட்டிருந்தது.

"டிரம்முன்னு போட்டிருக்கலாம்" என்றான். ஆனால் சிரித்தான்.

இன்னொரு தடவை போடட்டுமா என்று அந்த அம்மா கேட்டார். வேண்டாம் என்றேன். முட்டி வலித்தது, பஸ்ஸும் பிடிக்க வேண்டும். எழுந்திருக்கும்போது போன் திரையைப் பார்த்தேன். பாட்டின் பெயருக்குப் பக்கத்தில் அதன் நீளம் போட்டிருந்தது. நான் வாசித்ததில் மிச்சம் இருப்பது அவ்வளவுதான்.

ஆறு நிமிடம் பதினேழு விநாடி.